‘படிப்படியாக’ என்ற சொல்லின் விலை

எடின்பரோவின் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் ஓர் உயர்ந்த தூண் இருக்கிறது. அதன் உச்சியில் சிலையாக நிற்பவர் ஹென்றி டண்டாஸ் (1742–1811). நீதிபதிகளைத் தந்த ஆர்னிஸ்டன் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் மெல்வில் பிரபு ஆனவர். ஸ்காட்லாந்தின் பதவிகளும் தேர்தல்களும் அவர் கைக்குள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணித்த கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அவர் தலைவராக இருந்தார்.

அவரைக் கொடியவர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால், ஜமைக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஜோசப் நைட் தன் விடுதலைக்காக வழக்காடியபோது, அவருக்காக வாதாடியவர்களில் டண்டாஸும் ஒருவர். 1778இல் நைட் வென்றார். ஆக, அடிமைமுறை அநீதி என்பது டண்டாஸுக்குத் தெரியும். ஆய்வு மாணவனாக என்னை உறுத்துவதும் இதுதான்.

1792 ஏப்ரலில், அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை வில்பர்போர்ஸ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். டண்டாஸ் கொள்கையளவில் அதை ஏற்றுக்கொண்டு, ‘படிப்படியாக’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். திருத்தப்பட்ட தீர்மானம் 230க்கு 85 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 1796 எனக் கெடுவும் குறிக்கப்பட்டது. பிரபுக்கள் அவை அதைக் கிடப்பில் போட்டது. 1796இல் வில்பர்போர்ஸ் மீண்டும் முயன்றபோது, போர்க்காலத்தில் இது கூடாது என்றார் டண்டாஸ். சட்டம் வர 1807 ஆனது. இந்த 15 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் பிரிட்டிஷ் கப்பல்களில் அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கே கடத்தப்பட்டார்கள்.

‘1791இல் ஒழிப்புத் தீர்மானம் தோற்றது. அந்தச் சொல் இல்லாவிட்டால் 1792லும் தோற்றிருக்கும்’ என்கிறார்கள் டண்டாஸின் ஆதரவாளர்கள். இருக்கலாம். ஆனால், குறித்த கெடு வந்த பிறகும் அவர் ஏன் தடுத்தார்? அவகாசம் கேட்டவர் அந்த அவகாசத்தில் என்ன செய்தார் என்பதை வைத்துத்தானே அவரது நோக்கத்தை எடைபோட முடியும்?

இந்த வரலாற்றைச் சொல்லும் பலகை 2021இல் தூணடியில் வைக்கப்பட்டது. டண்டாஸின் பெயரைக் காக்க விரும்பியவர்கள் 2023இல் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். மறு ஆண்டு அது மீண்டும் பொருத்தப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பலகைக்கே இவ்வளவு எதிர்ப்பு.

சாதி ஒழிப்பு பேசும் நமக்கு டண்டாஸைப் போன்றவர்கள் புதியவர்கள் அல்லர். ‘கொள்கையில் உடன்பாடுதான், ஆனால் சமூகம் இன்னும் தயாராகவில்லை’ என்பார்கள். அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்போம். எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள்? அதுவரை யார் துன்பப்படுவார்கள்?