சொல்லத் தயங்காதீர்கள், கேட்க மறக்காதீர்கள்!



அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகிறீர்கள். ஸ்டாண்டை மடக்காமலே அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். என்ன செய்வீர்கள்? "அப்பா, ஸ்டாண்டு!" என்று கத்துவீர்கள். 'அவருக்குத் தெரியாததா?' என்று சும்மா இருக்கமாட்டீர்கள் அல்லவா?

ஆனால், சொல்ல வேண்டியதைப் பெரியவர்களே அழுத்திச் சொல்லாமல் விட்ட கதை ஒன்று உண்டு.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் இறங்க வந்தது, யுனைடெட் ஏர்லைன்ஸின் டி.சி-8 விமானம். சக்கரங்களைக் கீழே இறக்கியபோது 'தடால்' என்று ஒரு சத்தம். சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் விளக்குகளில் ஒன்று எரியவில்லை.

கேப்டன் நல்ல அனுபவசாலி. சக்கரத்தைச் சோதிப்பதிலும், பயணிகளைத் தயார்ப்படுத்துவதிலும் மூழ்கிவிட்டார். சுமார் ஒரு மணி நேரம் விமானம் வானிலேயே வட்டமடித்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானியும், விமானப் பொறியாளரும் அதைக் கவனித்தார்கள். பேச்சோடு பேச்சாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால், 'உடனே இறங்கியாக வேண்டும்' என்று அடித்துச் சொல்லவில்லை. கேப்டனை எதிர்த்துப் பேசத் தயங்குவது அந்தக் காலத்து விமானிகள் அறையில் சகஜம்.

என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. விமான நிலையத்தை எட்டும் முன்பே விமானம் மரங்களுக்கிடையே விழுந்தது. அதிலிருந்த 189 பேரில் 10 பேர் இறந்தனர். பிறகு தெரிந்த உண்மை என்ன தெரியுமா? சக்கரம் சரியாகத்தான் பூட்டியிருந்தது. கெட்டுப்போனது, விளக்கோடு சேர்ந்த ஒரு சின்ன சுவிட்ச்!

இதன் பிறகு அந்த நிறுவனம் விமானிகளுக்குப் புதிய பயிற்சி தந்தது. தவறு என்று தெரிந்தால் இளையவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். கேப்டன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதுதான் பாடம். இன்று உலகம் முழுவதும் விமானிகள் இதைப் படிக்கிறார்கள்.

அந்தப் பாடத்துக்கு 1989 ஜூலை 19-ல் பரீட்சை வந்தது. அதே நிறுவனத்தின் டி.சி-10 விமானம், டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்துகொண்டிருந்தது. வால் பகுதியில் இருந்த என்ஜின் உடைந்து சிதறியது. விமானத்தைத் திருப்பும் கருவிகள் எதுவும் வேலை செய்யவில்லை. ஓடுகிற பைக்கில் ஹேண்டில்பார் கழன்று கையோடு வந்தால் எப்படி இருக்கும், அப்படி!

கேப்டன் ஆல் ஹேன்ஸ், 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று இருந்துவிடவில்லை. எல்லோரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த விமானப் பயிற்சியாளர் டென்னி ஃபிட்ச்சையும் உள்ளே சேர்த்துக்கொண்டார். மீதமிருந்த இரண்டு என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்துவிட்டார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேரை இழந்தோம். ஆனால், யாருமே பிழைக்க வழியில்லாத அந்த விமானத்திலிருந்து 184 பேர் உயிர் பிழைத்தார்கள். பயிற்சியில் கற்ற கூட்டு முயற்சிதான் காரணம் என்று ஹேன்ஸ் பின்னாளில் ஊர் ஊராகச் சென்று சொன்னார்.

குட்டீஸ், பெரியவர்களிடம் தவறைச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. பணிவாகச் சொல்லுங்கள், ஆனால், தெளிவாகச் சொல்லுங்கள். காதில் விழவில்லையா? இன்னொரு முறை சொல்லுங்கள்.

இன்னொன்று. நாளை நீங்களே கிளாஸ் லீடர் ஆகலாம், கிரிக்கெட் கேப்டன் ஆகலாம். அப்போது குட்டித் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கி, "அண்ணா..." என்று ஏதோ சொல்ல வருவான்.

"உனக்கென்ன தெரியும், போடா!" என்று விரட்டாமல், ஒரு நிமிடம் நின்று கேட்பீர்கள்தானே?