ஒரு ஒயர் செய்த உபகாரம்

என் மூத்த பெண்ணுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வேலைக்கான இன்டர்வியூ. வைஃபை பெட்டி கூடத்தில்; கம்ப்யூட்டரோ உள்ளறையில். மலிவாகக் கிடைக்கிறதே என்று நகத்தளவு வைஃபை அடாப்டர் வாங்கிப் பின்பக்கம் செருகியிருந்தேன். பாதிப் பேச்சில் தொடர்பு அறுந்துபோச்சு. பெண் அழுதேவிட்டாள்.

அண்ணன் மகன் வந்து பார்த்தான். "இரும்புப் பெட்டி மறைக்குது அத்தை. யுஎஸ்பி நீட்டு ஒயர் போட்டு மேஜைமேல வைங்க" என்றான். நல்லவேளை, மறுநாளே மறுபடி கூப்பிட்டார்கள். அடாப்டர் அதேதான், பேச்சு அறுபடவேயில்லை!

புதிதாக வாங்கும் சகோதரிகளே, சுவர் தாண்ட 2.4 கிகாஹெர்ட்ஸ், பக்கத்தில் வேகத்துக்கு 5. இரண்டும் உள்ளதாக, ஆன்டெனாவோடு வாங்குங்கள். உங்கள் வைஃபை பெட்டியில் 5 உண்டா என்றும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் பட்டது போதுமே!