கேச் க்ளியர் பண்ணியாச்சா?

போனில் பிரவுசர் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள் மக்களே. கேள்வி ஒன்றும் வராது, பதில்தான் வரும். "கேச் க்ளியர் பண்ணு." பண்ணியாச்சு, அப்படியேதான் இருக்கு. "அப்ப டேட்டாவ க்ளியர் பண்ணு." அதுவும் ஆச்சு. "ரீசெட் அடிச்சிரு மச்சி." அதையும் அடித்த பிறகு மூடிக்கொண்டால்? "போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கு!"

எப்போது மூடுகிறது, எந்தத் தளத்தில் மூடுகிறது, மற்ற ஆப்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா... இதையெல்லாம் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே கலர் மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் கதைதான். தெருமுனை செல்போன் கடைக்குப் போனால் "சாஃப்ட்வேர் போடணும் தம்பி" என்பார்கள். அதுவும் இதே ரீசெட்டின் பெரிய அண்ணன்தான், கூலி மட்டும் தனி.

என் கோபமெல்லாம் இதுதான். இந்த மந்திரத்தின் ஒவ்வொரு படியிலும் நஷ்டம் நம் கணக்கில் எழுதப்படுகிறது. இரண்டாம் படியில் பாஸ்வேர்டு போகிறது, மூன்றாம் படியில் போட்டோ போகிறது, நான்காம் படியில் காசு போகிறது. தப்பு யார் பக்கம் என்று வவுச்சரைப் பார்க்காமலே நம் பெயரில் பற்று வைத்துவிடுகிறார்கள். பி.காம் படிக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்குமா அரிக்காதா?

2021 மார்ச் 22, 23 தேதிகளை நினைவிருக்கிறதா? உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட ஆப்கள் திறந்த உடனே விழுந்தன. காரணம் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்று ஒரு சமாச்சாரம். ஒரு ஆப் தனக்குள்ளே வலைப்பக்கம் காட்ட வேண்டுமென்றால் தனியாக ஒரு பிரவுசர் கட்டிக்கொண்டிருக்காது, இந்த வெப்வியூவைத்தான் கூப்பிடும். குரோமின் சொந்தக்காரன், கண்ணுக்குத் தெரியாமல் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் உட்கார்ந்திருப்பான். புதிய அம்சங்களை நம் போன்களில் பரிசோதித்துப் பார்ப்பதற்காகக் குரோமிலும் வெப்வியூவிலும் வைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் பிழை என்று பிற்பாடு கூகுளே ஒப்புக்கொண்டது. பரிசோதனை அவர்களுடையது, எலி நாம்!

தற்காலிக வழி, வெப்வியூவின் அப்டேட்டை மட்டும் நீக்குவது. நிரந்தரத் தீர்வு, குரோமையும் வெப்வியூவையும் கூகுள் வெளியிட்ட புதிய பதிப்புக்கு மாற்றுவது. இரண்டுமே சில நிமிட வேலை. நம் போட்டோவையோ பாஸ்வேர்டையோ தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2016 ஜனவரி 27 அன்று ஐபோனில் சஃபாரியின் முகவரிப் பட்டையைத் தொட்டாலே பொத்தென்று மூடிக்கொண்டது. தட்டச்சு செய்யும்போது வருகிற தேடல் பரிந்துரைகள் இருக்கிறதல்லவா, அதை அனுப்புகிற இடத்தில் கோளாறு. செட்டிங்கில் 'சஃபாரி சஜெஷன்ஸ்' என்ற ஒரே ஒரு பொத்தானை அணைத்தால் நின்றுவிடும். பிறகு ஆப்பிள் தன் பக்கத்தில் சரிசெய்தது. போனில் ஒரு குற்றமும் இல்லை.

"கேச் க்ளியர் பண்ணினா சில சமயம் சரியாகுதே?" என்று கேட்பீர்கள். ஆகும், மறுக்கவில்லை. சேமித்து வைத்த கோப்பு ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அழித்ததும் சரியாகும். கேச் என்பது பக்கங்களை வேகமாகக் காட்டுவதற்காக எடுத்து வைத்த நகல்தான், அழித்தால் மறுபடி இறங்கிக்கொள்ளும். தாராளமாக அழியுங்கள். என் சண்டை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற 'க்ளியர் ஸ்டோரேஜ்' பொத்தானோடு (சில போன்களில் 'க்ளியர் டேட்டா'). அதைக் குரோமில் அழுத்தினால் திறந்து வைத்த டேப்கள் போச்சு, லாகின் எல்லாம் போச்சு, கூகுள் கணக்கோடு சிங்க் செய்யாமல் வைத்திருந்த புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போச்சு. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி டேப்பில் வைத்திருக்கிறவனிடம் "சும்மா டேட்டாவ க்ளியர் பண்ணுடா" என்பது என்ன உதவி? இரண்டு பொத்தானும் ஒரே பக்கத்தில் இருக்கிறது, சொல்கிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள்.

உதவி செய்வதென்றால் முதலில் கேட்க வேண்டியது, ஒரு தளத்தில் மட்டுமா எல்லாத் தளத்திலுமா? ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பாரம். பிரவுசர் மட்டுமா, மற்ற ஆப்களுமா? கூடவே நாலைந்து ஆப் விழுகிறது என்றால் வெப்வியூவைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் போனில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். நேற்றுவரை நன்றாக ஓடி இன்று விழுகிறது என்றால் ராத்திரி ஏதாவது அப்டேட் வந்ததா? ஃபயர்பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் அது கெக்கோ என்ற சொந்த எஞ்சினில் ஓடுகிறது. அதுவும் விழுந்தால் கோளாறு போன் பக்கம், அது நின்று மற்றது விழுந்தால் குரோம் பக்கம். 'லைட்' பிரவுசர் என்று பிளே ஸ்டோரில் கிடைக்கிற பலதும் வெப்வியூவுக்குச் சட்டை மாட்டிவிட்டதுதான், அவற்றைப் போட்டுச் சோதித்தால் ஒன்றும் தெரியாது.

இப்போது ரேம் கதைக்கு வருவோம், இங்கேதான் வியாபாரம் இருக்கிறது. ஞாபகத்துக்கு இடம் போதாவிட்டால் ஆண்ட்ராய்டு, ஓடுகிற ஆப்களில் எதையாவது தானே கொன்றுவிடும். பிரவுசர் பெருந்தீனிக்காரன், அதனால் அடிக்கடி மாட்டுவான். இது கோளாறே இல்லை, போன் தன் வேலையைச் செய்கிறது. வாங்கும்போது கடையில் என்ன சொன்னார்கள்? "நாலு ப்ளஸ் நாலு, எட்டு ஜிபி ரேம் சார்!" அந்த இரண்டாவது நாலு ரேமே கிடையாது. ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி ரேம் மாதிரி நடிக்க வைப்பது, வேகம் பல மடங்கு குறைவு. கடன் வாங்கிய தொகையை மூலதனம் என்று பேலன்ஸ் ஷீட்டில் காட்டினால் ஆடிட்டர் விடுவாரா? அட்டைப்பெட்டியில் மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கலாமாம்.

அப்புறம் "அப்டேட் பண்ணு" என்கிற அறிவுரை. 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139 முதல் ஆண்ட்ராய்டு 10 இருந்தால்தான் புதிய குரோம். ஆண்ட்ராய்டு 8, 9 போன்கள் 138-லேயே நின்றுவிட்டன. அதற்கு முன் 2023 டிசம்பரில் குரோம் 120 வந்தபோது ஆண்ட்ராய்டு 7-ஐக் கழற்றிவிட்டார்கள். ஆண்ட்ராய்டை உயர்த்திக் கொடுக்க வேண்டியது போன் கம்பெனி. விற்ற ஓரிரண்டு வருஷத்தில் அது கையைக் கழுவிவிட்டால் போன் வைத்திருப்பவர் எதை அப்டேட் செய்வார்? பேட்டரி நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை, ஆனால் கம்பெனி மனசுக்குள்ளேயே தேய்மானம் முழுக்கக் கழித்துவிட்டது.

"பிரவுசர் இலவசம்தானே, ஓசியில வாங்கிட்டு ஏன் கத்துற?" என்று ஒரு நண்பர் கேட்டார். பிரவுசர் இலவசம், போன் இலவசம் இல்லையே! வீட்டில் லேப்டாப் இல்லாதவர்களுக்குத் தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாமே அந்த ஆறு அங்குலத்துக்குள்தான். அவர்களைப் பார்த்து எடுத்த எடுப்பில் 'அழி' என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கப்பா.

பி.கு: ஐபோன்காரர்களே, சஃபாரி விழுகிறது என்று குரோமுக்கு மாறிவிடாதீர்கள். சட்டம் போட்டு ஆப்பிளை இறங்கிவர வைத்த ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்கள் தவிர, ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். சஃபாரி விழுகிற பக்கத்தில் அதுவும் விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது :)