கண்டல் காட்டுக்குக் கணக்குச் சொல்லுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கண்டல் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கரையோரக் குடியிருப்புகளை ஆராய்ந்தார்கள். கண்டல் காடு காத்த இடங்களில் உயிரிழப்புக் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். மறு வருடமே கெர், பெயர்ட், காம்ப்பெல் என்ற மூவர் அதே தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டு மறுத்தார்கள். ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே உயிரிழப்பின் பெரும்பகுதியைத் தீர்மானித்தன என்பது அவர்கள் வாதம்.

இரு தரப்பும் செய்தது அறிவியலுக்குரிய வேலை. கதிரேசன் 2001இல் பிங்ஹாமுடன் எழுதிய கண்டல் உயிரியல் தொகுப்பைத் தாண்டி இத்துறையில் எவரும் போக முடியாது. அவர் உழைப்பு மதிப்புக்குரியது. எமது முறைப்பாடு மேற்கோள்களை எண்ணுகிறவர்கள் மீது. மறுத்து எழுதிய கட்டுரையும் மறுக்கப்பட்டவர் கணக்கில் ஒரு மேற்கோளாகவே ஏறுகிறது. ஆமோதித்தவர், எதிர்த்தவர், படிக்காமலே பட்டியலில் சேர்த்தவர் எல்லோரும் அங்கே ஒன்றுதான். ஆய்வாளரை அளக்க 2005இல் இயற்பியலாளர் ஹேர்ஷ் முன்வைத்த எச்-குறியெண்ணும் இந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இனி, எண்ணப்படாததைப் பார்ப்போம். சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். எத்தனை பிழைத்தன என்று கொடிகாரவும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட முயன்றதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். இடம் பார்க்காமல் நட்டார்கள். நட்டபின் எட்டிப் பார்க்கவில்லை. மாடு மிதித்தது, பாசி மூடியது. கண்டலுக்கு நீர் ஏறவும் வேண்டும், வடியவும் வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பா? ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட அறிவு, நட்டவனின் கைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த இடமும் உண்டு. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் காடு ஏன் பட்டது என்று தேடின. நீர் தேங்கி உப்பேறிய பள்ளங்களே காரணம் என்று கண்டன. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீர் வந்து போக வழிவிட்டு, ஊராரையும் சேர்த்துக்கொண்டு நட்டன. காடு திரும்பியது.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். வன்னிக் கரையின் கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். 1984இல் துரத்தப்பட்ட அதன் கரை மக்கள் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகே திரும்பி வந்தார்கள். இறாலும் நண்டும் கண்டல் வேருக்குள் வளர்ந்துதான் வலைக்கு வருகின்றன என்பதை அவர்களுக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இப்படியான களப்புகளில் சேறும் நீரும் இலையும் அள்ளிச் சென்று எழுதப்படும் கட்டுரை, ஆங்கிலத்தில், காசு கட்டினால் மட்டுமே திறக்கும் சஞ்சிகையில் வெளியாகிறது. அதன் மேற்கோள்களைக் காட்டி ஒருவர் பேராசிரியர் ஆகிறார். களப்பின் மக்களுக்கு ஒரு பக்கத் தாள்கூட வருவதில்லை. இது அநீதி. அந்த மக்களின் வளத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்காத கடன். கடனாளி தனி ஆய்வாளர் அல்லர். அவரை அப்படி ஓடவைக்கும் பல்கலைக்கழகமும் நிதி தரும் நிறுவனமுமே. சஞ்சிகையின் தரக்குறியீட்டை வைத்து ஆய்வாளரை மதிப்பிட வேண்டாம் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இலேயே சொல்லிவிட்டது. கேட்காதது யார் குற்றம்?

கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இதை இன்றே மாற்றலாம். வன்னியின் தாவரங்களை ஆராய்ந்தவர் பதவி உயர்வு கேட்டு வரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். கண்டதைத் தமிழில் எழுதி அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடம் கொடுத்தீர்களா? நட்டிருந்தால், ஐந்தாம் வருடம் எத்தனை கன்று நின்றது? விடை இல்லாத விண்ணப்பத்தை, எத்தனை மேற்கோள் இருந்தாலும், குறைவிண்ணப்பம் என்று திருப்பி அனுப்புங்கள்.