வரம்பு மீறாத சாயம்

தோற்பையொன்றின் அழகு அதன் நிறத்தில் மட்டும் இல்லை. இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையிலும் இருக்கிறது. கபில நிறமும் கறுப்பும் கூடுமிடம் கோடு கீறியதுபோல நேராக நின்றால், அதைக் கையில் எடுப்பவர் விலை கேட்பார். அவ்வெல்லை கசிந்து பிசிறி நின்றாலோ, தையல் எத்துணை உறுதியாயினும், பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். துணியிற் பட்ட கறையைத் துவைத்தாவது பார்க்கலாம். தோலினுள் இறங்கிய சாயம் திரும்பி வருவதில்லை. ஆகவே சாயத்தை எல்லைக்குள் நிறுத்தும் வழி என்னவென்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இது சிறிய விடயமன்றோ என நேயர்கள் நினைத்தல் கூடும். வன்னியில் 2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பெண்ணின் கைவேலையே வீட்டின் வருவாயாக இருந்து வருகிறது. பனையோலையும் தையலும் நம்மவர் நன்கறிந்த தொழில்கள். தோல்வேலையும் பெரிய இயந்திரம் எதனையும் வேண்டுவதில்லை. கூரிய கத்தி, குத்தூசி, மெழுகிட்ட நூல், ஒரு பலகை ஆகியவை இருந்தால் திண்ணையிலேயே தொடங்கிவிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஓலை வளவிற் கிடைக்கும்; தோலைப் பணங்கொடுத்து வாங்கவேண்டும். வெட்டியெடுத்த ஒரு துண்டு சாயத்தாற் கெட்டால், நன்றாக அமைந்த ஏனைய துண்டுகளின் இலாபத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

எல்லை காக்க என்ன செய்யலாமெனக் கேட்டால், பலரும் முதலிற் சொல்லும் விடை ‘மாஸ்கிங் ரேப்’ என்பதாகும். அதனை மறைப்பு நாடா என்போம். அது பிறந்த வரலாறு சுவையானது. அதன் வலிமையும் குறையும் அவ்வரலாற்றிலேயே அடங்கியிருக்கின்றன.

அமெரிக்காவில் 1920களில் இரு நிறம் பூசிய மோட்டார் வண்டிகளில் மக்களுக்கு மோகம் பிறந்தது. ஒரு நிறத்தைப் பூசி, அதன்மேற் பத்திரிகைத் தாளை ஒட்டி மறைத்து, மறு நிறத்தைப் பூசுவார்கள். தாளை உரிக்கும்போது பசையோடு சேர்ந்து முதலிற் பூசிய வர்ணமும் பெயர்ந்து வரும். செய்த வேலை பாழாகும். அந்நாளிற் கடதாசி உரைத்தாள் செய்துவந்த ‘திறீ எம்’ கம்பனியைச் சேர்ந்த றிச்சாட் ட்ரூ என்னும் இளைஞர், தம் உரைத்தாளைச் சோதித்துப் பார்க்க இத்தகைய பட்டறையொன்றிற்குச் சென்றபோது தொழிலாளரின் இவ்வல்லலைக் கண்டார். ஒட்டவும் வேண்டும், ஊறு செய்யாமல் உரியவும் வேண்டும் என்னும் நோக்குடன் முயன்று, சுருக்கமிட்ட கடதாசியிற் பசை பூசிய நாடாவை 1925ஆம் ஆண்டில் ஆக்கினார். கடதாசியிலுள்ள சுருக்கமே நாடாவை வளைவுகளில் இணங்கி நிற்கச் செய்கிறது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்நாடா இரும்புத் தகட்டிற்காக ஆக்கப்பட்டது. தகடு வர்ணத்தை உறிஞ்சாது. வர்ணம் மேலேயே கிடந்து காயும். தோலின் இயல்பு வேறு. அது நுண்ணிய நார்கள் பின்னிக்கிடக்கும் ஒரு மெத்தை. நார்களுக்கிடையே உள்ள நுண்வெளிகளில் நீரும் ஸ்பிரிற்றும் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து செல்லும். மேலே நாடா ஒட்டியிருக்கிறது என்பதைச் சாயம் பொருட்படுத்துவதேயில்லை. அது நாடாவின் கீழே, தோலின் உள்ளாகவே அப்பாற் போய்விடும். நாடாவை உரித்த பின்னரே நாம் அதை அறிகிறோம்.

குளமும் வயலும் அறிந்த வன்னி மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மணற்றரையின்மேல் மண்ணைக் குவித்துவிட்டாற் குளக்கட்டு ஆகிவிடுமா? நீர் கட்டின்மேல் ஏறாது, அடியாற் கசியும். ஆதலால் முதலிலே தரையைப் பள்ளமாக வெட்டி, களிமண்ணை இட்டு இறுக்கி, அதன்மேற் கட்டை எழுப்புவர். தோலுக்கும் அதுவே விதி. சாயத்தை மேலே மறைத்தாற் போதாது, உள்ளே மறிக்கவேண்டும்.

உள்ளே மறிக்கும் வழிகள் மூன்று உள. அவற்றைச் சொல்லுமுன் எத்தகைய தோல் வேண்டுமென்பதைச் சொல்லிவிடுவோம். குரோமிய உப்பினாற் பதனிட்டு, தொழிற்சாலையிலேயே நிறப்பூச்சிட்டு வரும் தோல் கைச்சாயத்தை நன்கு ஏற்காது. மரப்பட்டையினாற் பதனிட்ட தோலே இவ்வேலைக்கு உரியது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டுவந்த ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் உலகச் சந்தையிற் புகழ்பெற்றவை. பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தை வெளிநாட்டு வேலமரப் பட்டைச் சாறு பெரிதும் பிடித்துக்கொண்டது. வன்னியின் வரண்ட தரைகளில் மஞ்சட் பூவோடு நிற்கும் நம் ஆவரசு, அந்த ஆவாரையே என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது வழி, கீறி மறித்தல். தோலின் மயிர்ப்புறத்தை ஈரப் பஞ்சினால் ஒற்றி, உருக்கு அடிமட்டத்தை வைத்து, எல்லைக்கோட்டிலே கத்தியால் மெல்லக் கீறுக. கீறலின் ஆழம் தோலின் தடிப்பில் மூன்றிலொரு பங்கை மீறலாகாது. மீறினால் மடிக்கும்போது அவ்விடம் வெடிக்கும். பின்னர், மழுங்கிய முனையுள்ள கருவியொன்றால் அக்கீறலை அழுத்தி நார்களை நெருக்குக. தோல் நன்றாகக் காய்ந்த பின்னரே சாயமிடவேண்டும். குளக்கட்டின் அடியில் வெட்டிய பள்ளம் செய்யும் வேலையை இக்கீறல் செய்யும். வங்காளத்துச் சாந்திநிகேதனிலே கவி தாகூரின் புதல்வர் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியும் வளர்த்த தோற்கலையிலும் இம்முறையின் சாயலைக் காணலாம். அங்கே ஈரத்தோலிற் கோலத்தை அழுத்திப் பதித்து, அக்கோடுகளுக்கிடையே தூரிகையால் நிறமிடுவர். கோலத்தின் கோடே நிறத்தின் வேலியுமாகிறது.

இரண்டாவது வழி, அடைத்து மறித்தல். சாயம் படக்கூடாத பகுதியில் நிறமற்ற அக்கிரிலிக் பூச்சை மெல்லியதாக இருமுறை பூசி உலரவிடுக. நார்களின் வாய் அடைபட்டுவிடுவதால் சாயம் அங்கே புகத் தயங்கும். தயங்கும் என்றோமேயன்றிப் புகாது என்றோமில்லை. வழிந்த சாயத்தை உடனே துடைத்துவிட வேண்டும். இலங்கையிற் புகழ்பெற்ற பத்திக் துணியில் மெழுகு செய்வதும் இதே தொழிலே.

மூன்றாவது வழியே யாவற்றினும் உறுதியானது. அது பிரித்துச் சாயமிட்டுப் பின்னர் இணைத்தல். இரு நிறமும் ஒரே துண்டில் அமையவேண்டும் என்னும் கட்டாயம் இல்லையெனில், இரண்டு துண்டுகளையும் தனித்தனியே சாயமிட்டு, காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றை விளிம்பாக வைத்துத் தைத்துவிடலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் சேலையின் உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓட்டிக் கோர்வையாக நெய்வதை நினைத்துக்கொள்க. நிறங்கள் நூலிலேயே பிரிந்து நிற்பதனால் அங்கே கசிவென்ற பேச்சே எழுவதில்லை.

அங்ஙனமாயின் மறைப்பு நாடாவினாற் பயனே இல்லையோ எனின், உண்டு. அக்கிரிலிக் வர்ணம் தோலின்மேற் படலமாக நிற்பது. அதற்கு நாடா மிக ஏற்றது. விசிறித் தெளிக்கும் வேலைக்கும் ஏற்றது. சாயவேலையிலும் கீறலோடு சேர்த்து ஒட்டினால், தூரிகை தவறி அப்பாற் படுவதைத் தடுக்கும். ஆனால் அதனைக் கையாளச் சில முறைகள் உண்டு.

நாடாவின் பசை கடுமையாயிருந்தால் தோலின் மேற்பூச்சைப் பெயர்த்துவிடும். ஆதலின் முதலிற் சுத்தமான துணியொன்றில் ஒருமுறை ஒட்டி எடுத்து, அதன் வேகத்தைத் தணித்துக்கொள்க. தோலில் ஒட்டியபின் விளிம்பைக் கரண்டியின் பின்புறத்தால் நன்கு தேய்த்துவிடுக. அக்கிரிலிக் வர்ணமாயின், அடிநிறத்தையே விளிம்பில் மெல்லியதாக ஒருமுறை பூசிவிட்டால் நாடாவின் அடியிலுள்ள சிறு இடைவெளிகளெல்லாம் அந்நிறத்தாலேயே அடைபட்டுவிடும். அதன்மேற் பூசும் மறு நிறத்திற்குப் புக வழியிராது. தூரிகை எப்போதும் நாடாவிலிருந்து வெளிநோக்கி ஓடவேண்டும். நாடாவை நோக்கி ஓடலாகாது. தூரிகையில் நிறம் சொட்டச்சொட்ட இருக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் நாடாவை அதன்மேலேயே மடித்து, தாழ்வாக, மெல்ல உரித்துவிடுக. நம் நாட்டு வெப்பத்தில் இரவு முழுதும் விட்டால் பசை இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

எம்முறையாயினும் இளநிறத்தை முதலிலும் கடுநிறத்தைப் பின்னரும் இடுக. இளநிறத்தின்மேற் கடுநிறம் ஏறும். கடுநிறத்தை இளநிறம் மறைக்காது. கீறல் அருகே தூரிகையைக் கொண்டுபோய் ஒட்டவைக்காமல் ஒரு நூலளவு இடம் விட்டு நிறுத்துக. எஞ்சிய தூரத்தைச் சாயம் தானே நடந்துவிடும். ஸ்பிரிற் கலந்த சாயமாயின் சன்னல்களைத் திறந்து, விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் வேலை செய்தல் வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டவும் விடலாகாது.

மாணவ நண்பர்கள் இதைத் தாமே சோதித்து அறியலாம். சாயமிடாத தோலில் எஞ்சிய நறுக்குகள் மூன்றை எடுத்துக்கொள்க. முதலாவதில் நாடாவை மட்டும் ஒட்டுக. இரண்டாவதிற் கீறல் மட்டும் இடுக. மூன்றாவதிற் கீறலிட்டு அதன் விளிம்பிலே நாடாவையும் ஒட்டுக. மூன்றிலும் ஒரே அளவு சாயத்தை ஒரே தூரிகையாற் பூசி, உலர்ந்தபின் நாடாவை நீக்கி, மூன்று எல்லைகளையும் அடிமட்டத்தை வைத்து ஒப்பிடுக. பின்னர் ஒவ்வொரு நறுக்கையும் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்க்க. சாயம் எவ்வழியாற் சென்றது என்பதைத் தோலே சொல்லிவிடும். நுண்குழாய்க் கவர்ச்சி என விஞ்ஞான நூலிற் படித்தது கண்முன்னே நிற்கும்.

விற்பனைக்கெனத் தோல்வேலை செய்வோரும் ஒவ்வொரு புதிய தோலிலும் இந்த நறுக்குச் சோதனையை முதலிற் செய்தல் வேண்டும். ஒரு தோல்போல் மறுதோல் இராது. ஒரே தோலிலும் முதுகுப் பகுதி நெருக்கமாயும் வயிற்றுப் பகுதி தளர்ந்தும் இருப்பதால், சாயம் வயிற்றுப் பகுதியிலே கூடுதலாக ஓடும். கழிவாகும் நறுக்கிற்கு விலை இல்லை. அளவெடுத்து வெட்டிய துண்டிற்கு உண்டு. பிழை நேர்வதாயின் அது நறுக்கிலேயே நேர்ந்து முடியட்டும்.