ராக்கெட்டும் போகட்டும், படகும் போகட்டும்!

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் கோவை டீக்கடைகளில் கைதட்டல் கேட்கும். கேட்கத்தானே வேண்டும்! 2008 அக்டோபர் 22-ல் அங்கிருந்து கிளம்பிய சந்திரயானுக்குத் திட்ட இயக்குநர், பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை அல்லவா?

ஸ்ரீஹரிகோட்டா ஒரு தீவு. கிழக்கே வங்கக் கடல்; மேற்கே பழவேற்காடு ஏரி. 1971-ல் முதல் சின்ன ராக்கெட் அங்கிருந்து சீறியது. தீவுக்குப் பலத்த காவல். கண்டவர் நுழைய முடியாது, மரம் வெட்ட முடியாது. அதனால் காடு பிழைத்தது. பனிக்காலம் வந்தால் ஏரியில் பூநாரைகள் இன்றும் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன.

சரி, மனிதர்கள் கதி?

தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் பலர் வெளியேற்றப்பட்டார்கள். ராக்கெட் விடும் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுக்கெல்லாம் திருவிழா, அன்றைய பாடு மட்டும் அவர்களுக்குப் போச்சு!

“அதுக்கு கோயமுத்தூர்க்காரங்க என்னங்க பண்றது?” என்று கேட்கலாம். ஒரு நாள் கடையடைப்பு என்றாலே ஒப்பணக்கார வீதி புலம்புகிறதே! கடல்தான் மீனவனுக்குக் கடை.

இப்போது விவகாரம் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இடம் பொருத்தமான இடம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கை குறுக்கே வரும். வளைத்து ஓட்டினால் எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேராக விடலாம். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம்.

அந்த லாபத்தில் கரையில் இருப்பவனுக்கும் பங்கு வேண்டாமா?

ராக்கெட் விடும் தேதியை மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். படகு நிற்கும் நாளுக்குப் பணம் கொடுக்க வேண்டும், மனு எழுதி அலைய விடாமல்! தை முதல் பங்குனி வரை தமிழகக் கரையில் கடலாமைகள் முட்டையிடும் காலம். பொரித்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். கரையில் விளக்கு எரிந்தால் கடலை விட்டு ரோட்டுக்கு வந்து சாகும். அந்த மாதங்களில் கடற்கரைப் பக்க விளக்குகளை மட்டுப்படுத்த வேண்டும். பறவைக் கணக்கை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். அதற்கு ஆள் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கோவை ஆனைகட்டியிலேயே சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது.

கோடிகள் கொட்டி ராக்கெட் விடும் அரசுக்கு இதெல்லாம் சில்லறைச் செலவு. முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே செய்வார்களா?