ராசியும் ரசாயனமும்

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறு காலை கூடும் சந்தையானாலும் சரி, சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளானாலும் சரி, காட்சி ஒன்றுதான். அப்பாவின் கையில் புத்தம்புதுக் கண்ணாடித் தொட்டி. குழந்தையின் கையில் மீன் நீந்தும் பாலிதீன் பை. வீடு போய்ச் சேர்ந்ததும் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, மீனை விட்டாகிவிடும். வியாழக்கிழமை ஒரு மீன் மல்லாந்து மிதக்கும். அடுத்த ஞாயிறுக்குள் மற்றவையும் போய்விடும். குழந்தை அழும். 'நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று பாட்டி தீர்ப்பு சொல்லிவிடுவார்.

ராசிக்கு இதில் வேலையில்லை. தெளிந்த தண்ணீரிலும் இரண்டு விஷங்கள் இருக்கலாம். முதலாவது, கிருமிகளைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின். அது மீனின் செவுள்களையும் பதம் பார்க்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். குளோரமின் கலந்த தண்ணீருக்கு இது போதாது. அதை முறிக்கும் திரவம் மீன் கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாவது விஷத்தை உண்டாக்குவது மீனேதான். செவுள் வழியே அது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அழுகும் தீனியும் அதையே தருகிறது. குளத்தில் ஒருவகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை அதிகக் கெடுதலில்லாத நைட்ரேட்டாக்கும். இது இரண்டு கட்ட வேலை என்பதை 1890 வாக்கில் மண்ணை ஆராய்ந்து காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கே வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

அதற்குள் செய்ய வேண்டியவை உண்டு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் தண்ணீர் மட்டுமே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். எனவே உறுதியான மேஜை வேண்டும். அடியில் தெர்மகோல் விரிப்பு நல்லது. வெயில் நேராக விழுந்தால் பாசி மண்டும். கூழாங்கற்களை சோப்பு போடாமல் கழுவ வேண்டும். குளோரின் நீங்கிய தண்ணீரை நிரப்பி ஃபில்டரை ஓட்டி, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வந்தால், அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் காத்திருப்பு குறையும். சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார்.

அப்போதும் அவசரம் கூடாது. தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, முதலில் இரண்டு மூன்று சிறிய மீன்கள் போதும். பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுத் திறக்கலாம். பிற்பாடு ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசினால் வளர்த்த பாக்டீரியா அத்தனையும் பாழ். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தாலும் அவை பிராணவாயு இல்லாமல் மடியும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் கைகொடுக்கும்.

வெறும் தொட்டியைக் காட்டிக் குழந்தையை ஒரு மாதம் சமாளிப்பதுதான் கஷ்டம். தினமும் சிட்டிகைத் தீனி போடும் பொறுப்பை அதனிடமே விட்டுவிடலாம். மீன் வருவதற்குள் மீன் வளர்க்கப் பழகியிருக்கும்.